முதற்பரிசாகாத துப்பாக்கி



1980-களின் தொடக்கத்தில், தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் திருவிழாக் குலுக்கலுக்கு முதற்பரிசு எதுவென்று பேச்சு எழுந்தது. தையல் இயந்திரம் என்றார் ஒருவர். மிதிவண்டி என்றார் மற்றொருவர். அப்போது இரயில்வேயில் பணிபுரிந்து மறைந்த ஒருவரின் மகன், தம் தந்தையாரின் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியை நன்கொடையாகத் தர முன்வந்தார். செய்தி பரவியதும் அவர் வீட்டில் கூட்டம் கூடியது. பரங்கிமலையிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் வந்த பழம்பொருள் ஆர்வலர் இருவர், சீட்டுப் புத்தகங்களை மொத்தமாகவே வாங்கிக் கொள்வதாகக் கூறினர்.

அவர்களுடைய ஆவலை நாம் குறைகூற மாட்டோம். அது குதிரைகள் வெளியே தெரியும் வகைத் துப்பாக்கி. குழலுக்கு ஒன்றாக அமைந்த அவ்விரு குதிரைகளையும் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் அது சுடும். 1875-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆன்சன், டீலி என்னும் இருவர் குதிரைகளை உள்ளே மறைத்துவைக்கும் எளிய அமைப்பைக் கண்டனர். அதன்பின் பழைய வகை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. அதன் குழலோ இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. நீரலை போன்ற கோலம் அதன்மேல் ஓடும். கைவினைஞரின் உழைப்பைக் கண்டு வியப்பது நல்ல மனத்தின் இயல்பே.

ஆனால் பங்குத் தந்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சீட்டு யார் பெயருக்கு விழும் என்று நமக்குத் தெரியுமா?"

அவை அமைதியாயிற்று. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமம் பெற்றவரிடமே துப்பாக்கியை ஒப்படைக்கலாம். குலுக்கலோ ஆளறியாது. மேலும், தந்தைக்கு வழங்கப்பட்ட உரிமம் மகனைச் சேராது. பழம்பொருள் என்பதாலும் விலக்குக் கிடைத்துவிடாது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

அப்போது ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் துப்பாக்கியை வாங்கி மடக்கித் திறந்தார். இடக் குழலில் பச்சை பூத்த தோட்டா ஒன்று இருந்தது! முந்தைய நாள் முழுவதும் சிறுவர்கள் அந்தக் குதிரைகளை இழுத்து விளையாடியிருந்தார்கள். மகனின் முகம் வெளிறியது. அன்று மாலையே துப்பாக்கி காவல் நிலையம் சென்றது. முதற்பரிசு தையல் இயந்திரமாயிற்று.

வாசகர்களே, வேட்டையாடுவது வழக்கமாயிருந்த நாளில் வாங்கிய துப்பாக்கிகள் நம் புறநகர் வீடுகள் சிலவற்றில் இன்றும் உறங்கக்கூடும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. துப்பாக்கிகள் மட்டும் அலமாரியில் தங்கிவிட்டன. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், காலம் தாழ்த்தாமல் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். தந்தையின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு, தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம். சுட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டா. பழைய கரிமருந்துக்கென்று செய்த முறுக்குக் குழல், இன்றைய தோட்டாவின் அழுத்தம் தாங்காமல் வெடித்துக் கையைச் சிதைத்துவிடக் கூடும்.

பழம் படைக்கலங்களின் அழகைக் காண விழைவோர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கலை மட்டுமே இருக்கிறது, ஆபத்து இல்லை.

ஒரு பொருளைப் பிறர் கையில் கொடுக்கிறோம் என்றால், அக்கை யாருடையது என்று அறிவது கொடுப்பவரின் கடமை. நல்ல நோக்கத்திற்காகக் கொடுத்தோம் என்பதால் அக்கடமை நீங்கிவிடாது.