நடுவீட்டுக்கு வரட்டும் வைஃபை

இணைய இணைப்பு கொடுக்க வருபவர், கேபிள் நுழையும் சன்னலோரத்திலேயே வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். இதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அலை எல்லாத் திசையிலும் பரவும்; வெளிச்சுவரில் மாட்டினால் பாதி தெருவுக்குப் போய்விடும். வைஃபையின் இரு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைக் கடக்கையில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதிகம் தேய்கிறது. மாடிக்கு எட்டவில்லையா? ரிப்பீட்டர் வாங்காதீர்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் கருவியில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அதை மேலே இழுத்து, தனி ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள். வீடு கட்டும்போதே இதற்கென ஒரு குழாய் பதிக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால், பிறகு சுவரை உடைக்க வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடியில் இருப்பவர்கள், அக்கம்பக்கத்தார் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. எனக்குப் பெரிய கவலை கடவுச்சொல்தான். அமைப்புகளைத் திறக்கும் ‘அட்மின்’ என்ற சொல்லைப் பல வீடுகளில் அப்படியே விட்டிருக்கிறார்கள். வைஃபையில் இணைந்த விருந்தாளிகூட எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். இணைப்பு கொடுக்க வந்தவர் கிளம்பும் முன்பே அதை நீங்களே மாற்றுங்கள். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3, உங்கள் பழைய கருவிகள் அதை ஏற்காவிட்டால் டபிள்யூபிஏ2.