காவற் கேமராவுக்கு ஏற்ற இணைப்பு எது?



பிள்ளைகள் ஒரகடத்திலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிய, முதிய பெற்றோர் மட்டும் தனித்து வாழும் வீடுகள் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பல உள. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடொன்றில் ஒரே குடும்பத்தினர் மூவர் கொலையுண்டனர். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பகுதியில் தோட்டத்து வீட்டில் தனியே வசித்த முதிய தம்பதியருக்கும் அக்கதியே நேர்ந்தது. இச்செய்திகளைக் கேட்ட பிள்ளைகள், வீட்டு வாசலில் ஒரு கேமரா மாட்டிவிட வேண்டுமென்று துடிப்பது இயல்பே. ஆயினும், கேமராவின் விலையையும் தெளிவையும் நாள்கணக்கில் ஆராய்கிறவர்கள், அது காண்பதைத் தம் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் இணைய இணைப்பைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கின்றனர்.

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள 921-ஆம் ஆண்டின் பராந்தக சோழன் கல்வெட்டை யாவரும் அறிவீர்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம் எனத் தகுதிகளைப் பார்த்த பின்னரே அன்று பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள் சென்றது. இணைப்பைத் தேர்வதிலும் இந்த முறை நன்று. விளம்பரம் பின்னர் இருக்கட்டும். தகுதியை முதலில் பார்ப்போம்.

முதல் தகுதி, மேலே அனுப்பும் வேகம். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் காணும் வேகம் பெரும்பாலும் இணையத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிற வேகமாகும். திரைப்படம் பார்ப்பவருக்கு அது போதும். கேமராவோ வீட்டிலிருந்து வெளியே அனுப்புகிறது. ஓரளவு தெளிவான படம் தரும் கேமரா ஒன்றுக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 மெகாபிட் அனுப்பும் வேகம் வேண்டும். நான்கு கேமராவுக்கு 8. ஆகவே இணைப்புத் தருபவரிடம், “அப்லோட் எவ்வளவு?” என்று கேளுங்கள். வாய்ச்சொல்லோடு நில்லாமல், அவரிடம் ஏற்கெனவே இணைப்புப் பெற்ற அண்டை வீட்டில் மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே சோதித்துப் பாருங்கள். ஊரார் அனைவரும் இணையத்தில் இருக்கும் நேரம் அதுவே. சென்ற ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் இணைப்பு அறுந்து கிடந்தது என்பதையும் அந்த வீட்டாரே உண்மையாகச் சொல்வார்கள்.

சிம் கார்டு போடும் கேமரா வாங்க எண்ணுகிறவர்கள் ஒரு கணக்கை மனத்திற் கொள்க. மேற்சொன்ன 2 மெகாபிட் அளவில் இடைவிடாது அனுப்பினால், நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் தரும் திட்டம் 100 நிமிடத்தில் தீர்ந்துபோகும். முழு நாளுக்கோ 21 ஜிகாபைட்டுக்கு மேல் தேவை. அசைவு கண்டால் மட்டும் அனுப்பும்படி அமைப்பதே வழி. ஆனால் காற்றில் ஆடும் தென்னங்கீற்றும் முற்றத்துக் கோழியும்கூட அதற்கு அசைவுதான்! கேமரா மாட்டப்போகும் இடத்திலேயே செல்போனை வைத்து, அரை மணி நேரம் மகனோடு வீடியோ அழைப்பில் பேசிப் பார்த்தால் அங்கே எந்த நிறுவனத்தின் அலை நிலைத்து நிற்கிறதென்பது விளங்கும். மாடியில் நின்று சோதித்துவிட்டுத் தாழ்வாரத்தில் மாட்டுவது வீண். ரீசார்ஜ் செய்யும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் சுமத்தாதீர்கள். 28 நாள் திட்டத்தின் கெடு முடிந்த அன்று கேமரா ஊமையாகிவிடும்.

கண்ணாடியிழை இணைப்பு வாசல்வரை வருமாயின் அதையே தேர்க. பழைய செப்புக் கம்பியைப் போல் கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாதாகையால், இடிமின்னல் அவ்வழியே வீட்டுக்குள் நுழையாது. ஊராட்சி அலுவலகம்வரை பாரத்நெட் இழை வந்திருப்பதும் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பதும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்க. வீட்டினுள், தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை அலை தளர்ந்துவிடும். கூடுமானால் கம்பி இழுத்துவிடுங்கள்; அதற்குரிய கம்பி 100 மீட்டர்வரை செல்லும்.

அடுத்தது மின்சாரம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் தாக்கியபோது நம் மாவட்டத்தின் பல இடங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன; செல்போனும் பயன்படவில்லை. புயல் எதற்கு? மீட்டர் பெட்டியின் சுவிட்சைத் தள்ளத் திருடனுக்கு ஒரு நொடி போதும். கேமராவுக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து பேட்டரி வேண்டும். ஒன்றுக்கு மட்டும் இருந்து பயனில்லை. இணைப்பு அறுந்தாலும் பதிவு நிற்காதிருக்க, வீட்டிலேயே பதியும் ஏற்பாடும் தேவை. 128 ஜிகாபைட் மெமரி கார்டு, மேற்சொன்ன அளவில் இடைவிடாது பதிந்தால், ஏறக்குறைய ஆறு நாள் தாங்கும். கேமராவைப் பிடுங்கினால் கார்டும் போய்விடுமாதலால், உள்ளறை அலமாரியில் பதிவுப் பெட்டி வைப்பது இன்னும் நன்று.

தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அவ்வாறு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, 2016-இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. தெரு வாசலையும் கொல்லைப்புறத்தையும் காண்பது போதும். அம்மா படுத்திருக்கும் அறைக்குள் அவர் சம்மதமின்றிக் கேமரா வைப்பதும், அண்டை வீட்டுக் கிணற்றடியை நோக்கித் திருப்பிவைப்பதும் பண்பன்று.

இனி, நள்ளிரவில் துபாயிலிருக்கும் மகன் செல்போனில் அந்நிய உருவைக் காண்கிறான் என்று கொள்வோம். அங்கிருந்து அவன் 112-ஐ அழைத்தால் உத்திரமேரூர்க் காவல்துறை எடுக்காது; அந்நாட்டு வழக்கப்படி வேறெங்கோ போகும். ஆகவே நம் காவல்நிலையத்தின் தொலைபேசி எண்ணை 91 என்னும் நாட்டு எண்ணுடன் முன்கூட்டியே பதிந்து, ஒருமுறை அழைத்தும் பார்த்துவிட வேண்டும். அதனோடு, கூப்பிட்டால் டார்ச் விளக்குடன் உடனே ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டார் இருவருடைய எண்களையும், அவர்களிடம் சொல்லி வைத்த பின், பதிந்துகொள்ளட்டும்.