பளபளப்பைப் பார்க்காதீங்க... பில்லைப் பாருங்க!

புது ஸ்விஃப்ட் விலைக்கு பி.எம்.டபிள்யூ கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எட்டு, பத்து வருஷம் ஓடிய ஜெர்மன் கார்கள் பல அந்த விலைக்கு வருவது உண்மைதான். ஆனால், குறைந்திருப்பது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகங்களின் விலை அல்ல. ஏர் சஸ்பென்ஷனோ கியர்பாக்ஸோ மக்கர் செய்தால், மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கும். யானையை வாங்குவது சுலபம், தீனி போடுவதுதான் கஷ்டம்.

அதனால், லெதர் சீட்டைத் தடவிப் பார்க்கும் முன் சர்வீஸ் பில் ஃபைலைக் கேட்பது நல்லது. 'எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான் சார்' என்ற வாய்வார்த்தை போதாது. பில் தொலைந்துவிட்டது என்றால், ஓனரையே சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போய், சேஸி நம்பரைச் சொல்லிப் பழைய பதிவுகளைக் கேட்கலாம்.

பழைய பில்லில் 62,000 கி.மீ. என்று இருந்து, இன்று மீட்டர் 55,000 காட்டினால் சங்கதி வெட்டவெளிச்சம். ஆனால், பலரும் ஏமாறுவது வேறு இடத்தில். 'டாக்டர் வண்டி, ஓடவே இல்லை' என்பார்கள். ஓடாத வண்டிக்கும் இன்ஜின் ஆயில் வருஷக் கணக்கில் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலுக்கு இரண்டு வருஷம்தான் கெடு. மூன்று வருஷம் பில்லே இல்லாத 35,000 கி.மீ. காரைவிட, வருஷம் தவறாமல் பில் உள்ள 90,000 கி.மீ. கார் எவ்வளவோ மேல்.

பல பி.எம்.டபிள்யூ கார்களில் இருப்பது இசட்.எஃப் நிறுவனத்தின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். அதன் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்ற பேச்சு உண்டு. கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப்போ, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. லட்சத்தைத் தாண்டிய காரின் ஃபைலில் இந்த ஒரு பில் இருந்தால், ஓனர் வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார் என்று நம்பலாம்.

செய்த வேலைகளைவிட, செய்யாமல் விட்ட வேலைகள்தான் அதிகம் பேசும். 'கூலன்ட் கசிவு - வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்' என்ற மாதிரி ஜாப் கார்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். சில ஃபைல்களில் கடைசித் தாள் பில்லாகவே இருக்காது. பெரிய தொகைக்கான எஸ்டிமேட்டாக இருக்கும். அடுத்த மாதமே கார் விற்பனைக்கு வந்திருந்தால், காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் புரட்ட வேண்டும். தொடர்ந்து 5 வருஷம் க்ளெய்ம் வாங்காதவருக்கு 50 சதவிகிதம் 'நோ க்ளெய்ம் போனஸ்' உண்டு. ஏழெட்டு வருஷமாக ஒரே ஓனர், ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால், என்ன க்ளெய்ம் என்று கேட்டே ஆக வேண்டும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னைக் கார்கள் என்றால் இந்தக் கேள்வி கட்டாயம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்தால், உள்ளே சேற்றுக் கறை ஒட்டியிருக்கலாம்.

கடைசியாக ஸ்கேனர். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க, முந்தின நாளே எரர் கோடுகளை அழித்துவிடும் கில்லாடிகள் உண்டு. அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்பதைப் பல கார்களில் ஸ்கேனரே காட்டிக்கொடுத்துவிடும். 'அதுக்கெல்லாம் டைம் இல்லை சார், இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்' என்று விற்பவர் அவசரப்படுத்துகிறாரா? தாராளமாக அந்தப் பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.