கம்பியையும் சேர்த்து அளக்க!

பாலில் வாழும் என்புருக்கி நுண்ணுயிர் முதலியவற்றை ஒழிப்பதற்கு, அப்பால் 72 பாகை செல்சியசில் 15 நொடியேனும் நிற்றல் வேண்டும் என்பது பாற்பண்ணைகள் பலவும் கைக்கொள்ளும் வரையறை. அவ்வெப்பத்தைக் கண்டு சொல்வது குழாயினுள் செருகப்பெற்ற பிளாட்டின உணரி. வெப்பம் குறைந்த பாலைத் திருப்பியனுப்பும் கதவும் அதன் சொற்கேட்டே இயங்கும்.

சுழியப் பாகையில் அவ்வுணரியின் மின்தடை 100 ஓம். வெப்பம் ஏறுந்தோறும் தடையும் ஏறும். 100 பாகையில் 138.5 ஓம். நன்று. ஆயின், காட்டும் பலகை உணரியின் தடையை மட்டுமோ அளக்கின்றது? இடையிலுள்ள கம்பியின் தடையையும் சேர்த்தன்றோ அளக்கின்றது! அரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி இரண்டினை 15 மீட்டர் தொலைவு இழுத்தால், போக்கும் வரவுமாக ஏறத்தாழ 1 ஓம் கூடும். பலகையிலோ 2.6 பாகை கூடும். 72 எனக் காட்டும்போது பால் 69.4-இல்தான் நிற்கும்; கதவும் திறந்தே இருக்கும். கூடுவதைக் கழித்துக்கொள்ளலாமே எனின், வெயிலிற் செம்பின் தடையும் மாறும் என்பதை மறத்தலாகாது.

இதற்கெனவே மூன்று கம்பி முறை வந்தது. மூன்றும் ஒரே நீளமும் ஒரே பருமனும் உடையனவாயின் கம்பித்தடை கழிந்துபோகும். ஒரு திருகில் மட்டும் களிம்பேறினும் அவ்வொப்பு குலையும். நான்கு கம்பி முறைக்கு அவ்விடர் இல்லை. ஒரு கம்பிச் செலவை மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனமோ, யாம் அறியோம்!

இனி, அளவுத் திருத்தம். உணரியைக் கழற்றி ஆய்வகம் அனுப்பிச் சான்றிதழ் பெற்றுச் சுவரில் மாட்டுகின்றனர். அது உணரிக்குப் பெற்ற சான்றேயன்றிக் கம்பிக்குப் பெற்றதன்று. கம்பி பூட்டியபடியே உணரியை நொறுக்கிய தூய பனிக்கட்டியும் நீருங் கலந்த கலத்தில் ஆழ அமிழ்த்துக. பலகை சுழியம் காட்டுகின்றதா எனப் பார்க்க. பின்னர், கலக்கிக்கொண்டேயிருக்கும் வெந்நீரில், 72-க்கு அண்மையில், சான்றுபெற்ற வெப்பமானியோடு ஒப்பிடுக. கொதிநீரை 100 எனக் கொள்வது கடற்கரைக்கே பொருந்தும். உதகையில் நீர் 93 பாகையளவிலேயே கொதித்துவிடும்.

இன்னொன்று. திருத்துமுன் பலகை காட்டிய எண்ணை எழுதாமலே திருத்திவிடுவோர் பலர். முன்னை ஆய்வுக்குப் பின் வெளிச்சென்ற பால் எவ்வெப்பங் கண்டு சென்றது என்பதற்கு அவ்வெண்ணே சான்று.