புயலின் பாதையும் வெள்ளத்தின் பாதையும்

2024 நவம்பர் இறுதியில் வங்கக் கடலில் உருவான ஃபெஞ்சல், கணிப்புகளுக்கு எளிதில் பிடிபடாத புயல். கரையை நெருங்குகையில் வலுவிழக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, நவம்பர் 30 இரவு புயலாகவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். ஆனால், கரையேறிய புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ. மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ.

புயல் கரையைக் கடந்ததும் தொலைக்காட்சிகளின் பரபரப்பு அடங்கியது. பேரழிவோ அதன் பிறகே தொடங்கியது. வலுவிழந்தபடி மேற்கே நகர்ந்த புயல் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைப் பொழிந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின.

புயலின் பாதையைக் காற்று தீர்மானிக்கிறது. வெள்ளத்தின் பாதையை நிலத்தின் மேடுபள்ளம் தீர்மானிக்கிறது. நம் கிராமங்களில் அந்த மேடும் பள்ளமும் சாதியின்படி பங்கிடப்பட்டவை. ஊர் மேட்டில் இருக்க, ஏரியின் உபரிநீர் வடியும் தாழ்விடமும் ஆற்றோரப் புறம்போக்கும் பல இடங்களில் சேரிக்கு ஒதுக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசும் எச்சரிக்கை வரைபடத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

நிவாரணத்திலும் இதுவே நிகழ்கிறது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த பாசன நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது நிலத்தைக் கணக்கிட்டு வழங்கப்படும் தொகை. அதே வயலில் களையெடுத்து, அறுவடை செய்து கூலி பெற வேண்டிய நிலமற்ற தலித் பெண்ணின் இழப்புக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மூன்று மாவட்டங்களில் குடும்பத்துக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஒரு பருவத்தின் கூலியை இவை ஈடுசெய்யா.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால், பாகுபாடு காட்ட ஓர் அதிகாரி தேவையில்லை. நிலத்தை மட்டும் கேட்டு உழைப்பைக் கேட்காத ஒரு படிவமே போதும்.

எனவே நம் கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை குடியிருப்புவாரியாக, நில உயரத்தைக் கணக்கிட்டு வழங்கப்பட வேண்டும். அணை திறப்பு அறிவிப்பு சேரிக்கு நேரடியாக வந்து சேர வேண்டும். கூலி இழப்பு நிவாரண இனமாக ஏற்கப்பட வேண்டும். சேத விவரமும் வழங்கிய தொகையும் குடியிருப்புவாரியாகக் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இவற்றைக் கேட்டாக வேண்டும். வெள்ளம் சேரிக்குள் புகுந்த பின் கேட்பது நிவாரண வரிசையில் நின்று கேட்பதாகவே முடியும்.