விலை முன்னறிவிப்பைப் பாதியாகச் சொல்லலாமா?

விதைப்புக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் மஞ்சள், சின்ன வெங்காயம், பருத்தி முதலிய விளைபொருள்களின் விலை எப்படி இருக்கும் என்ற செய்தி நாளிதழ்களில் வெளிவருவதை உழவர் பெருமக்கள் அறிவர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல், சந்தை ஆய்வுப் பேராசிரியர்கள் பல ஆண்டுகால மண்டி விலையை ஆராய்ந்தும், வியாபாரிகளை விசாரித்தும் இதைக் கணிக்கின்றனர்.

பேராசிரியரின் கடமை ஆய்விதழோடு முடிந்தது, பத்திரிகைக்குப் பேசுவது வீண் வேலை என்று கருதுவோர் எங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு மக்களுக்குப் புரியும் தமிழில் வந்து சேர வேண்டும். 1960-களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தை வானொலி வழியே அறிந்த தஞ்சை உழவர்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். செய்தியின் வலிமை அத்தகையது.

ஆனால் விதைச் செய்தி வேறு, விலைச் செய்தி வேறு. நல்ல ரகத்தை ஆயிரம் பேர் விதைத்தாலும் அதன் குணம் கெடுவதில்லை. நல்ல விலையை நம்பி ஆயிரம் பேர் ஒரே பயிரை நட்டால் அந்த விலையே கெட்டுவிடும். இன்றைய விலையைப் பார்த்து நாளைக்குப் பயிரிடுவதால் விலை ஏறியிறங்கும் இந்தச் சுழலை எசக்கியேல் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1938-லேயே விளக்கினார். ஈரோட்டில் 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-ல் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியதை மஞ்சள் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பத்திரிகைக்குத் தகவல் தரும் பேராசிரியர்கள் நான்கு விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, எந்தச் சந்தை, எந்த மாதம், எந்தத் தரம் என்ற விவரத்துடன் கீழ்விலை, மேல்விலை இரண்டும். இரண்டு, கணிப்பைப் புரட்டக்கூடிய காரணங்கள். 2023 டிசம்பரில் வந்த வெங்காய ஏற்றுமதித் தடை 2024 மே மாதத்தில்தான் நீங்கியது. இத்தகைய அரசாணையைப் பழைய விலைப் பட்டியலிலிருந்து கணிக்க இயலாது. மூன்று, ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது. நான்கு, அறுவடை முடிந்தபின் கணித்த விலையையும் கிடைத்த விலையையும் அருகருகே வெளியிடுவது. இந்த நான்காவதுதான் மிக முக்கியம். கணிப்பு பொய்த்தால் ஏச்சு வருமே என்று அஞ்சி வாய் மூடினால், உழவருக்கு மிஞ்சுவது தரகர் சொல் ஒன்றே.

பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு. மேல்விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, கீழ்விலையைக் கடைசி வரியில் தள்ளுவது முறையன்று.

விவசாயிகள் எப்போதும் கீழ்விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும். அந்த விலையிலும் சாகுபடிச் செலவு மீளுமா என்று பாருங்கள். இருப்பு வைப்பதற்கும் கணக்கு உண்டு. உதாரணமாக, இன்று சின்ன வெங்காயம் கிலோ 40 ரூபாய், இரண்டு மாதத்தில் 45 ரூபாய் ஆகும் என்பது கணிப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவை இன்று விற்றால் 4,000 ரூபாய். பட்டறையில் வைத்து, எடைக் குறைவும் அழுகலும் போக 85 கிலோ மிஞ்சினால் கிடைப்பது 3,825 ரூபாய்தான். விலை ஏறியும் 175 ரூபாய் நஷ்டம். கிலோ 47 ரூபாய்க்கு மேல் போனால்தான் காத்திருந்ததற்குப் பொருள் உண்டு. மஞ்சள் போன்ற கெடாத பொருளானால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வழியையும் விசாரியுங்கள்.

விலைச் செய்தியில் மேற்சொன்ன விவரங்களில் ஏதேனும் விடுபட்டிருந்தால் பல்கலைக்கழகத்துக்கும் பத்திரிகைக்கும் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.