தேய்த்து விற்கப்படும் கார்கள்

பழைய கார் சந்தையில் இன்று பளபளக்காத வண்டியைக் காண்பதே அரிது. ஐந்தாறு வருடம் மொட்டை வெயிலில் நின்றது, வாடகைக்கு ஓடித் தேய்ந்தது, வெள்ளத்தில் முங்கி எழுந்தது என எல்லாமே விற்பனைக்கு வரும்போது ஒரே மினுமினுப்பில் நிற்கின்றன. வாங்க வந்தவர் மயங்கிப்போகிறார். நமக்கு அந்த மினுமினுப்புதான் கவலை தருகிறது. அது எப்படி வந்தது, அதற்காக வண்டி எதை இழந்தது என்று கேட்பவரும் இல்லை. கேட்காமல் சொல்பவரும் இல்லை.

காரின் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட் என அடுக்கடுக்காகப் பூசித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பாற்றும் வேதிப்பொருள் இருப்பதும் இந்த மெல்லிய அடுக்கில்தான்.

கீறலை ‘எடுப்பது’ என்று கடைகளில் சொல்கிறார்கள். உண்மையில் கீறல் எங்கும் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, கீறலின் அடிமட்டம் வரும்வரை சீவி இறக்குகிறார்கள். கடும் கம்பவுண்ட் போட்டு ஒருமுறை ரப்பிங் செய்தால் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது. ஒரு வண்டியின் ஆயுளில் இப்படித் தேய்ப்பதற்கு எட்டு மைக்ரான் அளவுக்கு மேல் இடம் கொடுக்கக்கூடாது என்பது இத்தொழிலில் நெடுநாளாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. மூன்று கை மாறிய வண்டி மூன்று முறை ரப்பிங் மெஷினுக்குக் கீழே போய் வந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இத்தனை கீறலும் விபத்தில் வந்தவை அல்ல. பெரும்பாலானவை கழுவும்போதே விழுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு வரிசையாக நிற்கும் கார்களைத் துடைக்கிறார்கள். முதல் வண்டியின் மண் கடைசி வண்டியில் உரசுகிறது. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதத்துக்கு நாம் கொடுக்கும் தொகைக்கு வண்டிக்கு ஒரு வாளியும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் எதிர்பார்க்க முடியாது. தூசி படிந்த பானெட்டைத் தண்ணீரே ஊற்றாமல் டஸ்டரால் தட்டித் துடைக்கும் உரிமையாளர்கள் செய்வதும் இதே வேலைதான். நம் ஊர்ப் புழுதியில் இருக்கும் மணல்துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. இப்படி விழும் நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். விளக்கொளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் சிலந்தி வலைபோல வட்டவட்டமாகத் தெரிகின்றன. கறுப்பு, கருநீல வண்டிகளில் பளிச்சென்று தெரியும். வெள்ளை வண்டிக்காரர்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வண்டியிலும் அத்தனையும் இருக்கிறது.

இவற்றை நீக்கச் சரியான முறை உண்டு. அதை நாம் எதிர்க்கவில்லை. வண்டியை நன்றாகக் கழுவி, ஒட்டிக்கிடக்கும் துகள்களை களிமண் கட்டியால் எடுத்து, ஒவ்வொரு தகட்டிலும் பெயிண்ட் தடிமனை அளந்து, விளிம்புகளில் டேப் ஒட்டி, ஒரு சிறு இடத்தில் மிக மென்மையான பாலிஷில் தொடங்கிப் பார்க்க வேண்டும். நிழலில், தகடு சூடில்லாதபோது, டூயல் ஆக்ஷன் மெஷினில் பொறுமையாகச் செய்ய வேண்டும். விரல்நகம் மாட்டும் அளவு ஆழமான கீறலைத் தேய்க்கவே கூடாது. டச்-அப் செய்வதோடு விட்டுவிடுவதே நல்லது. முழு வண்டிக்கும் இதைச் செய்ய ஒரு நாளுக்குக் குறையாது.

விற்கும் அவசரத்தில் இருப்பவருக்கு ஏது ஒரு நாள்? ரோட்டரி மெஷின், கம்பளி பேட், கடும் கம்பவுண்ட் என்று வேலை முடிகிறது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு ஏற்கெனவே மெல்லியது. மெஷின் அங்கே ஒரு கணம் கூடுதலாக நின்றால் நிறம்வரை இறங்கிவிடும். மெஷின் விட்டுச்சென்ற தடங்கள் வெயிலில் ஹோலோகிராம் போல அலையலையாகத் தெரியும் என்பதால், எண்ணெய்ப்பசை கொண்ட கிளேஸ் பூசி அவற்றையும் மறைத்துவிடுகிறார்கள். நாலைந்து முறை கழுவியதும் கிளேஸ் கரைந்து, மறைந்திருந்த கீறல்கள் எல்லாம் எழுந்து வருகின்றன. அதற்குள் பணம் கைமாறியிருக்கும். இதே கீறல்களுக்கு மேல் செராமிக் கோட்டிங் போட்டு ‘இனி கீறலே விழாது’ என்று கூடுதல் விலை கேட்பவர்களும் இருக்கிறார்கள். கீறல்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பாதுகாப்பதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

சில கோடைகள் கழித்துத்தான் உண்மையான நட்டம் தெரியும். கிளியர் கோட் மெலிந்துபோன மேற்கூரையும் பானெட்டும் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதன்பின் எந்த பாலிஷும் உதவாது. உரித்து மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. அந்தச் செலவு கடைசியாக வாங்கியவர் தலையில் விழுகிறது.

இந்தச் சந்தை அரசின் கண்ணுக்குத் தெரியாத சந்தையும் அல்ல. பழைய வண்டி விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி வகுத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், பழைய கார் வணிகர்களின் லாபத்தொகை மீதான வரியைச் சிறிய கார்களுக்கும் 18 சதவீதமாக உயர்த்தப் பரிந்துரைத்தது. பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பதிவுக்கும் வரிக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை வண்டியின் மேல்தோலுக்கும் காட்டினால் போதும்: அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு விற்பனையாளரும், ஒவ்வொரு தகட்டிலும் எடுத்த தடிமன் அளவையும், விற்பதற்காக ரப்பிங் செய்தாரா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்தான். ஒரு வண்டி பார்க்க இருபது நிமிடம்கூட ஆகாது. அந்தத் தாள் இன்னொரு புரட்டையும் பிடித்துக் கொடுக்கும். மற்ற இடங்களில் 110, ஒரு கதவில் மட்டும் 250 என்றால் அந்தக் கதவு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது. எண் 500ஐயும் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, ஏதோ ஒரு மோதல் நடந்திருக்கிறது. எல்லா இடத்திலும் 80க்குக் கீழே இறங்கினால், தேய்க்க இனி எதுவும் மிச்சமில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி அளவு காட்டாது, அலுமினிய பானெட்டுக்கு வேறு வகைக் கருவி வேண்டும். அதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடலாம்.

போக்குவரத்துத் துறை இதைச் செய்யும்வரை வாங்குபவர்கள்தான் விழித்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது நம் சந்தை வழக்கம். காரை நிழலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மதிய வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். இரவானால் கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்தால் கிளேஸ் கலைந்து அடியில் இருப்பது தெரியும். தடிமன் அளவு கேளுங்கள். அளக்க விடமாட்டோம் என்று சொல்லும் கடையாக இருந்தால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.